மேடைக்கு ஒரு ஹெட்ஃபோன்

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் உங்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. லெட்டர் போட்டால் படிப்பீர்கள் என்று தங்கச்சிதான் சொன்னாள். கையால் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ, என் எழுத்து எனக்கே பிடிபடவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்க வேண்டும். மேடையில் போட்டுக்கொண்டு பேஸ் கிட்டார் வாசிக்க. முன்பு நானும் டிரம்ஸ்காரரும் மட்டும்தான் காதில் மாட்டியிருப்போம், மற்றவர்களுக்குக் காலடியில் ஸ்பீக்கர் பெட்டி இருக்கும் இல்லையா? இசைக்குழு மாஸ்டர் இப்போது பெட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டார். எல்லாரும் அவரவர் காதுக்கு அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. என் பழையது தோல் உரிந்துவிட்டது. கழற்றும்போதெல்லாம் காதோரம் கறுப்புக் கறுப்பாகச் செதில் ஒட்டிக்கொள்கிறது. எல்லாருக்கும் நரைக்கும், அப்பாவுக்கு மட்டும் திரும்பக் கறுக்கிறது என்று என் பெண் கேலி செய்கிறாள்.

கடையில் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெரியது, காதையே மூடிவிடும். டப்பாவில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டிருக்கிறது. நீங்கள் பேஸ் வாசிக்கிறவர், உங்களுக்கென்றே செய்தது சார் என்கிறார் கடைக்காரர். இரண்டாவதும் காதை மூடுவதுதான், ஆனால் பழைய டெலிபோன் போலச் சுருள் வயர், பார்க்க மந்தமாக இருக்கிறது. மூன்றாவது காதுக்குள் செருகுவது. மூன்றும் கைக்கு அடக்கமான விலைதான். அதற்கு மேல் என்னால் முடியாது. எதை எடுக்கட்டும்?

அன்றைக்கு நடந்தது நடந்துபோயிற்று. உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


மார்ச் 12

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. என் மேல் வருத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி.

ஹெட்ஃபோன் விஷயம்.

எக்ஸ்ட்ரா பேஸ் வேண்டாம். அது உங்கள் சத்தத்தை உங்களுக்கு மட்டும் ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். நாம்தான் மேடையையே ஆட்டிவைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கையைத் தளர்த்திவிடுவீர்கள். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. காதுக்குள் செருகுவதில் நல்லது இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் விலையில் இல்லை. கீழ்க்கம்பியும் டிரம்ஸ்காரர் காலால் அடிக்கிற பெரிய டிரம்மும் ஒன்றாகக் குழைந்துவிடும். தவிர, டிரம்ஸ்காரர் ஜோக் அடித்தால் கேட்பதற்காக நீங்கள் ஒரு காதைக் கழற்றிவிடுவீர்கள். பிறகு அதை ஈடுகட்ட இன்னொரு காதில் சத்தத்தை ஏற்றுவீர்கள். காது போய்விடும்.

சுருள் வயர் உள்ளதை எடுங்கள். மந்தமாக இருந்தால் பரவாயில்லை. வாங்குவதற்கு முன் பாட்டுப் போட்டுக் கேட்காதீர்கள், எந்தப் பாட்டும் எதிலும் நன்றாகத்தான் கேட்கும். நீங்களே கீழ்க்கம்பியில் ஒவ்வொரு கட்டமாக மெதுவாக வாசித்து, போனில் பதிவு செய்துகொண்டு போய் அதைப் போட்டுக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் குப்பென்று வீங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் கேளுங்கள். கண்ணாடிக் காம்பு நெருடுகிற இடத்தில் இடைவெளி விழுந்தால் அடிச்சத்தம் முழுக்க அந்த வழியாகவே ஒழுகிவிடும். அரை மணி நேரம் போட்டுக்கொண்டு கடையிலேயே நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வயரை முதுகுப் பக்கமாக விட்டு, கிட்டார் வாருக்கு அடியில் கொண்டுவந்து பெல்ட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் இழுக்காது.

ப்ளூடூத் இனாமாகக் கொடுத்தாலும் மேடைக்கு எடுக்காதீர்கள். விரல் கம்பியைத் தொட்டு, கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் காதுக்கு வரும். இதை முன்பே சொல்லியிருக்கிறேன். முறைக்காக இன்னொரு தடவை.

எனக்கும் ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு உங்கள் காதுக்கு வருகிற மானிட்டரில் சத்தம் தாமதமாக வந்தது என்று மாஸ்டரிடம் சொன்னீர்கள். எவ்வளவு தாமதம்? முதல் பாட்டிலிருந்தேவா, நடுவிலா? உங்கள் பேஸ் மட்டுமா, டிரம்ஸும் பாட்டும் சேர்ந்தேவா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் பதிலே எழுதுகிறேன்.

நான் இப்போது பஸ் நிலையம், ஆஸ்பத்திரி என்று அறிவிப்பு ஒலிபெருக்கிகளை மாட்டிக்கொண்டிருக்கிறேன். மேடைப் பக்கம் போவதில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கீழ்க்கம்பியைக் கட்டம் கட்டமாக வாசித்துப் பதிவு செய்துகொண்டு கடைக்குப் போனேன். எக்ஸ்ட்ரா பேஸில் நான்காவது சுரம் வந்ததும் மண்டைக்குள் யாரோ பீரோவை நகர்த்துவது போல இருந்தது. சுருள் வயர்க்காரன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி, கணக்கு வாத்தியார் போலச் சொன்னான். கண்ணாடியோடு அரை மணி நேரம் நின்றேன். கடைக்காரர் இரண்டு தடவை வந்து, சார் உட்காருங்க என்றார். மூன்றாவது தடவை, சார் கடையைச் சாத்தணும் என்றார். எடுத்துவிட்டேன். ரிகர்சலில் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷமாக என் விரல் நகம் கம்பியில் உரசுவது எனக்குத் தெரியாது, இப்போது தெரிகிறது. உங்கள் புண்ணியம்.

நீங்கள் கேட்டது பற்றி. ஏழு மாதம் ஆகிறது, சரியாக நினைவில்லை. ஏதோ கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. நடுவில் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன், முதலிலிருந்தே என்றும் சொல்லலாம். அந்தக் கலவரத்தில் யார் கவனித்தார்கள்? புது மிக்ஸிங் போர்டு, உங்களுக்கும் பழக்கமில்லை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். இன்னும் எதற்கு அதைக் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள்? விட்டுத்தள்ளுங்கள்.

தங்கச்சி போனில் முன்பு போலப் பேசுவதில்லை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வெச்சிடவா அண்ணா என்கிறாள். முன்பெல்லாம் அவளாக வைத்தால்தான் உண்டு. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உங்கள் மச்சான்


ஏப்ரல் 1

மச்சானுக்கு,

விட்டுத்தள்ளுங்கள் என்று எழுதிவிட்டீர்கள். உங்களுக்குச் சுலபம். எனக்கு என்ன ஆயிற்று என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்தப் போர்டைக் குழுவுக்கு வாங்க வைத்ததே நான்தான். மாஸ்டருக்கு அதில் இஷ்டமில்லை. அதனால்தான் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதும் அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். அது போகட்டும். அதற்குப் பிறகு அதே மாடல் போர்டு இன்னொருவரிடம் இருப்பது தெரிந்து, ஒரு நாள் கெஞ்சி வாங்கிப் பரிசோதித்தேன். எந்தப் பட்டனை எப்படி அழுத்தினாலும் உங்கள் காதுக்குப் போன லைனில் தாமதம் விழவில்லை. விழ வழியே இல்லை. ஆனால் விழுந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் எனக்கே தெரியாமல் நான் ஏதோ செய்திருக்கிறேன். அது என்னவென்று ஏழு மாதமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

காது டாக்டரிடம் போனேன். காது நன்றாக இருக்கிறது என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. காதும் சரி, போர்டும் சரி என்றால் கோளாறு என் புத்தியில்தானே? அன்றைக்கு இசை முழுக்கச் சரிந்தபோது மண்டபத்தின் கடைசியில் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை, நீங்கள் தாளத்துக்குப் பிந்தி இழுப்பது மட்டும் கேட்டது. இருபது வருஷம் இதே வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்றால் நான் எதற்கு?

இங்கே ஒரு கல்லூரி அரங்கத்தில் சவுண்ட் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நிரந்தர வேலை. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லப்போகிறேன். என்னை நம்பி இன்னொரு மேடையைக் கெடுக்க எனக்குத் தைரியமில்லை.

காரணம் என்று நானாக ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன். அன்று சவுண்ட் செக் நடக்கும்போது உங்கள் தங்கை இரண்டு தடவை போன் செய்தாள். வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு. அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கை எதையோ மாற்றியிருக்க வேண்டும். அதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஒரு தடவை அல்ல, கோபம் வரும்போதெல்லாம். அதிலிருந்து நான் வேலையில் இருக்கும்போது அவள் கூப்பிடுவதே இல்லை. போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் சாயங்காலம் வந்து, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது பிள்ளை நன்றாக இருக்கிறான். அவள் ஏன் இரண்டு வார்த்தையில் போனை வைக்கிறாள் என்று கேட்டீர்களே, இதுதான்.

நீங்கள் மாஸ்டரிடம் சொன்னதற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருப்பேன். எனக்கு வேண்டியதெல்லாம் என்ன கேட்டது என்பதுதான். நினைவுபடுத்திப் பார்த்து எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஒரு நாளும் மறந்ததில்லை.

தாமதம் போர்டில் இல்லை. என் தலையில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் இருந்தது. ப்ளூடூத்.

முழுக்க எழுதிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் மறுபடி மென்று முழுங்கிவிடுவேன். அந்த விழாவுக்கு முந்தைய மாதம் வேறொரு நிகழ்ச்சியில் என் தனி வாசிப்புக்காக முன்னால் போனேன், நினைவிருக்கிறதா? வயர் எட்டாமல் விறைத்து, ஹெட்ஃபோன் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் கிட்டாரின் தலையில் தொங்கியது. முன்வரிசை சிரித்தது. யாரோ அதைப் படமெடுத்துப் போட்டு, என் பெண்ணின் வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவள் அடுத்த நிகழ்ச்சிக்கு வரவில்லை என்றாள். அந்த வாரமே ஒரு தள்ளுபடி விற்பனையில் வயரில்லாதது மலிவாகக் கிடைத்தது. ஹெட்ஃபோன் வயர் போகிற என் சின்னப் பெட்டியில் செருகிக்கொள்ள விரல் அளவு ஒரு கருவியும் கூடக் கொடுத்தார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்னது நினைவிருந்தது. இவருக்கு எல்லாவற்றிலும் குறை என்று நினைத்துக்கொண்டேன்.

சவுண்ட் செக்கில் பழையதைப் போட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் சரியா என்று நீங்கள் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் கேட்டீர்கள், நானும் உயர்த்தினேன். திரை விலக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீபோர்டுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டேன். நீங்கள் பார்க்கக் கூடாது என்றுதான்.

முதல் பாட்டில் சுரம் எல்லாம் விரலுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. என் பேஸ் மட்டுமல்ல, டிரம்ஸ், பாட்டு எல்லாமே பிந்தி வந்தன. பிந்தி வந்த டிரம்ஸுக்குச் சேர்ந்து நான் வாசிக்க, மேடையில் நான் இன்னும் பிந்தினேன். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்து முறைத்தார். என்னைப் பிடித்து இழுக்க அவர் வேகம் கூட்ட, பாடகி எங்கே சேர்வது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் பாட்டின் பல்லவியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. கழற்றிக் கீழே வைத்திருந்தால் மிச்சமாவது தப்பியிருக்கும். ஆயிரம் பேர் முன்னால் கழற்றினால் மறுபடி சிரிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே நின்றேன். மூன்றாம் பாட்டில் மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். நம்மை வாசிக்கக் கூப்பிட்ட கம்பெனிக்கு அது இருபத்தைந்தாம் ஆண்டு விழா. முன்வரிசையில் குழந்தைகள் கைதட்டின, முடிந்துவிட்டது என்று நினைத்து.

மாஸ்டர் என்னிடம்தான் முதலில் வந்தார். "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார். நான், "மானிட்டர்ல சவுண்டு லேட்டா வருது மாஸ்டர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது பொய்கூட இல்லை, அதுதான் அதில் இருக்கிற கேவலம். அவர் உடனே உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் ஓடி வருவதற்குள் புதியதையும் அந்த விரல் அளவுக் கருவியையும் கிட்டார் பெட்டிக்குள் போட்டு, பழையதைச் செருகிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து என் பெட்டியின் வயரைத்தான் ஆராய்ந்தீர்கள். என்னைச் சந்தேகப்படவே உங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் என்று தள்ளினேன். பிறகு நீங்கள் ஊர் மாறிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி! நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதற்கு மேல், உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன் பாருங்கள். எந்த முகத்தோடு எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஹெட்ஃபோனைப் பற்றிக் கேட்டதும் ஒரு சாக்குத்தான். நீங்கள் பதில் போட்டால் பழையபடி ஆகிவிடும், எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன்.

தங்கச்சி விஷயத்தை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன ஒரு வாக்கியம் உங்கள் மேல் விழுந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அது என் கூடப்பிறந்தவள் தலையில் போய் விழுந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக அவள் நடந்திருக்கிறாள்.

அந்த வேலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் காதிலும் கையிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க இங்கே.

ஏப்ரல் 9

இந்தக் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மாஸ்டரிடம் சொல்லாமல் தபாலில் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இன்று ரிகர்சல். எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பாடகி என்னைப் பார்க்கவே இல்லை. மாஸ்டர் கீபோர்டின் ஸ்விட்சை அணைத்தார். பிறகு, உங்களை அனுப்பிய நாளில் தாம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்று தமக்குத் தாமே சொல்வது போலச் சொன்னார். உங்களுக்குத் தாமே எழுதுவதாகச் சொல்லி விலாசம் வாங்கிக்கொண்டார். என்னை இனி வர வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. தங்கச்சிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் இதை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 17

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, சந்தோஷம். ஏணி மேல் நின்றுகொண்டுதான் பிரித்தேன், கீழே இறங்கி வந்து பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். என் காது சரி, என் கை சரி. பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். கோபம் அதற்கு அப்புறம் வந்தது. நாலு பக்கம் உங்களைத் திட்டி எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன், உங்கள் பரம்பரையைக்கூட விடவில்லை. அதில் உங்கள் தங்கையும் அடக்கம் என்பது பிறகுதான் உறைத்தது.

மாஸ்டரின் கடிதமும் வந்தது. திரும்ப வரச் சொல்கிறார். வரவில்லை என்று எழுதிவிட்டேன். கல்லூரி அரங்கத்தில் நேற்றே சேர்ந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. பார், உன் அண்ணனின் லட்சணத்தை என்று காட்டுகிற மிதப்பு. அவள் ஜன்னல் பக்கம் நின்று முழுக்கப் படித்தாள். சில இடங்களில் திரும்பவும் படித்தாள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அப்ப நான் போன் பண்ணதால இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போய்விட்டாள்.

அவள் அதை முழுக்க நம்பியிருக்கிறாள், மச்சான். கோபத்தில் ஏதோ சொல்கிறான் என்று ஒதுக்கிவிட்டிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் பிழைப்பு தன்னால்தான் போயிற்று என்று நம்பிக்கொண்டே எனக்குத் தினமும் சோறு போட்டிருக்கிறாள். நீங்கள் ஒரு தடவை பொய் சொன்னீர்கள், வேறு வழி தெரியாமல். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. யார் மேலாவது போட வேண்டியிருந்தது, பக்கத்தில் அவள் இருந்தாள். உங்களை மன்னிப்பதா வேண்டாமா என்று யோசிக்க உட்கார்ந்தால் என் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அவளுக்கு நீங்கள் தனியாக எழுதுங்கள். என் மூலமாக வேண்டாம், அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

அரங்கத்து வேலையில் சேர்ந்த அன்று காலை அவளிடம் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தாலும் கூப்பிடு, எடுப்பேன் என்றேன். சரி என்றாள். நேற்றும் இன்றும் போனைப் போர்டின் மேலேயே, கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அவள் கூப்பிடவில்லை.

மாப்பிள்ளை